காலையில் எடுத்த கைதட்டல்

ராஜகீழ்ப்பாக்கம்
3 மார்ச் 2025

திரு. முதாசிர் அவர்களுக்கு,

என் பெயர் தபீதாள். என்னை உங்களுக்குத் தெரியாது. என் கணவர் லாசரஸை உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரி 20-ஆம் தேதி நடந்த மோட்டார் பம்ப் கம்பெனியின் டீலர் மாநாட்டில் இறந்துபோனவர் அவர்தான்.

அன்று காலையிலிருந்து எடுத்ததை அன்றைக்கே வெட்டி ஒட்டி, மாலை ஐந்தரைக்கு அதே ஹாலில் நான்கு நிமிடப் படமாகப் போட்டுக் காட்டினீர்கள். எடிட் செய்தது நீங்கள் என்று ஃபிரெடி சொன்னார். உங்கள் கேமராமேன் ஃபிரெடி எங்கள் சபைக்காரர். விலாசமும் அவர் தந்ததுதான். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு நான்கு முறை போன் செய்தேன். லாசரஸின் மனைவி என்றதும் வைத்துவிட்டீர்கள். அதனால் கடிதம். நான் முப்பத்தொரு வருடமாகக் கணக்கு டீச்சர். எழுதிக் கேட்டால் எழுதித்தான் பதில் வர வேண்டும். வாட்ஸப்பில் வேண்டாம், அதில் அனுப்பிவிட்டு அழித்துவிடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்காரர்கள் இரங்கல் கடிதத்தோடு உங்கள் படத்தையும் ஒரு பென் டிரைவில் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றரை மணிக்கு எம்.டி. பேசும்போதுகூட லாசரஸ் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாராம். நான்கு மணிக்கு டீ இடைவேளையில் திடீரென்று சாய்ந்தாராம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களாம். படத்திலும் அப்படித்தான் இருக்கிறது. எம்.டி. பேசுகிறார், அடுத்து என் கணவர் சிரித்தபடி கைதட்டுகிறார், மூக்கில் கண்ணாடி இருக்கிறது.

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்கு அவர் எனக்குப் போன் செய்தார். சாப்பாட்டு வரிசையில் யாரோ இடித்ததில் கண்ணாடி விழுந்து மிதிபட்டு இரண்டு துண்டாகிவிட்டது என்றார். அந்த இரண்டு துண்டும் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இருந்தன. அப்படியென்றால் மூன்றரைக்கு அவர் போட்டிருந்தது யாருடைய கண்ணாடி?

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் கணவருக்கு மாரடைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். நஷ்டஈடு கேட்கப் போவதில்லை. வெட்டாத முழுப் படத்தையும் கொடுங்கள்.

தபீதாள் லாசரஸ்


முடிச்சூர்
9 மார்ச் 2025

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். உங்களிடம் அதைக் கேட்கக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு தமிழில் இவ்வளவு நான் எழுதியதே கிடையாது. தப்பு இருந்தால் மன்னிக்கவும். போனை வைத்ததற்கும் மன்னிக்கவும்.

எங்கள் வேலை எப்படி என்று தெரிந்தால் நீங்கள் புரிந்துகொள்வீர்கள். மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கி வைக்கிற அறை ஒன்று உண்டு. அங்கே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஃபிரெடி அண்ணன் மணிக்கு ஒரு தடவை மெமரி கார்டைக் கொண்டுவந்து தருவார். அதைப் பார்க்க வேண்டும், நல்லதைப் பொறுக்க வேண்டும், பாட்டு போட்டுச் சேர்க்க வேண்டும். ஐந்தரைக்குத் திரையில் ஓட வேண்டும். ஐந்து நாற்பதுக்குக் கொடுத்தால் அது எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் குப்பைதான். நானூறு டீலர் வந்திருந்தார்கள். யார் முகம் எது என்று பார்க்க எனக்கு எங்கே நேரம்? கண்ணாடி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

கார்டுகளை மறுநாள் வேறு நிகழ்ச்சிக்கு எடுத்துப் போக வேண்டியிருந்ததால் எல்லாவற்றையும் அழித்தாகிவிட்டது. எப்போதும் அப்படித்தான். உங்களுக்கு இதையே சொல்லச் சொல்லி எங்கள் முதலாளி மோகன்ராஜ் சாரும் சொன்னார்.

சாருடைய ஆத்மா சாந்தியடைய துஆ செய்கிறேன்.

முதாசிர்


ராஜகீழ்ப்பாக்கம்
11 மார்ச் 2025

திரு. முதாசிர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கார்டு அழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியது என்ன ஆனது என்று எழுதவில்லை. கேள்வித்தாளில் ஒரு கணக்கை மட்டும் தாண்டிப் போகிற பையன், எதைப் படிக்கவில்லை என்பதை அவனே சொல்லிக்கொடுத்துவிடுகிறான். முதலாளி இதையே சொல்லச் சொன்னார் என்ற வரியை நீங்களாகவே எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்று தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஃபிரெடியைப் பிடித்தேன். செருப்பைத் தேடுவது மாதிரி தலையைக் குனிந்துகொண்டே நின்றார். முதாசிர் ஒரு பொருளைக்கூடத் தூக்கிப் போட மாட்டான் டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கணவருடைய போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. நேற்று மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, லாசரஸ் சாரை வரச் சொல்லுங்கள் என்றார். சார் இறந்துவிட்டார் என்றேன். ஐயோ பாவமே என்று சொல்லிவிட்டு, அப்ப வேற யாருங்க வருவாங்க என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வெயில் வந்துவிட்டது. எங்கள் பம்ப் கடையில் வேலை பார்த்த ஆளின் நம்பரைக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன்.

நான் கேட்டது ஒரு மணி, ஒரு நிமிடம். அதைச் சொல்ல உங்களுக்கு என்ன கஷ்டம் என்றுதான் புரியவில்லை.

தபீதாள்


முடிச்சூர்
16 மார்ச் 2025

டீச்சர் அவர்களுக்கு,

ஃபிரெடி அண்ணன் உங்களை அப்படித்தான் சொல்கிறார், நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

போன கடிதத்தில் பொய் எழுதினேன். அதை நோன்பு வைத்துக்கொண்டு எழுதினேன். அன்று இஃப்தாருக்குக் கஞ்சியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். என் மனைவி ஷபீனா என்னவென்று கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள்.

படம் என்னிடம் இருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். அப்போது நான் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தேன். முப்பத்தாறு கல்யாணம் ஹார்ட் டிஸ்கோடு தண்ணீரில் போனது. அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் வந்து என் வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து எதையும் நான் அழிப்பதில்லை, ஒரு நகல் எடுத்துப் பரணில் வைத்துவிடுவேன். மோகன்ராஜ் சாருக்கே இது தெரியாது.

கைதட்டல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எந்த மாநாட்டிலும் யாரும் மனசோடு கைதட்ட மாட்டார்கள். ஆனால் பெரிய ஆட்கள் பேசுவது மதியம்தான். அதனால் காலையில் எல்லோரும் தெளிவாக இருக்கும்போது கைதட்டுகிற முகங்களை எடுத்து, கைதட்டல் என்றே ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்வோம். எங்கே தேவையோ அங்கே எடுத்துச் செருகுவோம். எல்லா எடிட்டரும் செய்வதுதான். சார் கைதட்டியது காலை பத்து நாற்பதுக்கு, குத்துவிளக்கு ஏற்றியபோது. சிரித்த முகமாக இருந்ததால் அதை எடுத்தேன். எம்.டி. பேச்சுக்குப் பின்னால் வைத்தேன்.

கண்ணாடிக்குக் காரணம் அவ்வளவுதான். முழுப் படத்தைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. வெளியே கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து வருடமாக அந்த ஆபீஸ் சோறுதான் சாப்பிடுகிறேன். இதோடு விட்டுவிடுங்கள் டீச்சர்.

முதாசிர்


ராஜகீழ்ப்பாக்கம்
18 மார்ச் 2025

முதாசிர்,

கைதட்டல் காலையில் எடுத்தது என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

ஆனால் மூன்றரை மணிக்கும் அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார். அந்த வரிசையை அப்போதும் உங்கள் கேமரா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. எதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைதட்டலை வைத்தீர்கள்?

இதற்குப் பதில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் இனி எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

தபீதாள்


முடிச்சூர்
24 மார்ச் 2025

டீச்சர் அவர்களுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கடைசியில் ஷபீனாதான் பேனாவை என் கையில் திணித்தாள். "அந்தம்மா உன்கிட்ட இன்னா சொத்தா கேக்கறாங்க? ஒரு டைமு கேக்கறாங்க. சொல்லிட்டு நோன்பத் திற" என்றாள்.

எங்கள் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மோகன்ராஜ் சார் சொல்லித் தருவது ஒன்று உண்டு. காலி நாற்காலி, கொட்டாவி, தூக்கம், இந்த மூன்றும் திரையில் வரக்கூடாது. கோடிக்கணக்கில் செலவு செய்து கூட்டம் போடுகிறவன் தன் ஆட்கள் தூங்குவதைப் பார்க்க விரும்ப மாட்டான். அதனால் தூங்குகிறவர்களைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுவதில் எனக்குக் கண் பழகிப்போயிருந்தது. கூட்டத்தில் எந்த மூலையில் தலை சாய்ந்தாலும் என் கண் அங்கே போய்விடும்.

ஹாலின் ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு கேமரா நிற்கும். அதை யாரும் தொடுவதில்லை. நாள் முழுக்க ஹால் மொத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். அது மட்டும் ஒயர் வழியாக அந்தந்த நிமிடமே என் திரைக்கு வந்துவிடும். மூன்று ஐந்துக்கு அதில் பார்த்தேன். எட்டாவது வரிசை, ஓர நாற்காலி, ஒரு பெரியவர் தலை இடது பக்கம் தொங்கியிருந்தது. பக்கத்து நாற்காலி காலி. நான் சிரித்தேன். ஃபிரெடி அண்ணன் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம், "பெருசு ஃபிளாட்டு ண்ணா, பிரியாணி வேலையக் காட்டிடுச்சு" என்றேன். அவர் திரையைப் பார்க்காமலே சிரித்தார். இப்போது அவர் ஏன் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று தெரிந்திருக்கும்.

அதோடு விடவில்லை. எம்.டி. பேசும்போது கூட்டத்தைக் காட்ட அந்தக் கேமராப் படம் எனக்குத் தேவைப்பட்டது. அதில் சார் ஓரத்தில் இருந்தார். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஓரத்தில் இருப்பவர் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுவார். பெரிதாக்கினேன். அவர் போய்விட்டார். அதற்குப் பக்கத்தில் அவருடைய காலைக் கைதட்டலையே வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று எழுதும்போதே அது எனக்குச் சாக்குப் போலத்தான் கேட்கிறது.

ஐந்தரைக்குப் படம் ஓடியபோது கூட்டத்தோடு நானும் நின்று பார்த்தேன். யாரோ ஒரு டீலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். திரையில் சார் கைதட்டியபோது முன்னால் இருந்த ஒருவர், "லாசரஸ்பா அது" என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

பரணிலிருந்து டிஸ்கை இறக்கி, நேற்றுதான் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் கேட்ட நேரத்தை எழுதுகிறேன். இரண்டே கால் வரை நன்றாக இருக்கிறார். இரண்டு முப்பத்தொன்றுக்குப் போனில் பேசுகிறார், ஒரு நிமிடத்துக்கு மேல். யாருடன் என்று தெரியவில்லை. பேசிக்கொண்டே எழுந்து பையைத் தோளில் மாட்டினார். போனை வைத்த பிறகு சற்று நேரம் அப்படியே நின்றார். அப்புறம் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு முப்பத்தெட்டுக்குக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். இரண்டு நாற்பத்தாறுக்கு முன் நாற்காலியின் முதுகைப் பிடிக்கிறார். இரண்டு ஐம்பத்திரண்டுக்குத் தலை சாய்கிறது. வலது கை மட்டும் மூன்று பதினேழு வரை அசைகிறது. நான்கு இரண்டுக்கு எல்லோரும் டீக்கு எழுந்து போன பிறகு, ஹாலைப் பெருக்க வந்த ரத்தினபாய் அம்மாதான் அவரைத் தொட்டுப் பார்த்துக் கத்தினார்கள்.

நான் பார்த்துச் சிரித்தபோது சார் உயிரோடு இருந்தார். என் அறைக் கதவிலிருந்து அவர் நாற்காலிக்கு முப்பது அடி இருக்கும். எழுந்து போய்த் தோளைத் தொட்டிருந்தால் போதும். இதை எழுதாமல் இருக்கத்தான் இத்தனை நாள் கார்டு, கையெழுத்து என்று கதை சொன்னேன்.

மோகன்ராஜ் சாரிடம் போய், படத்தை உங்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று இரண்டு நாற்பத்தைந்திலிருந்து நான்கு ஐந்து வரை மட்டும் தனியாக எடுத்து பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் தேவையானது ஒன்றும் இல்லை. எப்போது கொண்டுவரட்டும் என்று சொல்லுங்கள்.

முதாசிர்


ராஜகீழ்ப்பாக்கம்
27 மார்ச் 2025

தம்பி முதாசிருக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள்மேல் வந்த கோபத்தை எழுத்தில் வைக்க மாட்டேன். இது லெந்து காலம், எங்கள் தவக்காலம், உங்களை மன்னித்தேன் என்று எழுத வேண்டும். அது இன்னும் வரவில்லை. வராததை வந்ததாக எழுத எனக்குத் தெரியாது.

இரண்டு முப்பத்தொன்றுக்கு அவர் பேசியது என்னோடு.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். "தபீ, நெஞ்ச ஒரு மாதிரி அடைக்குது. கெளம்பி வந்துடட்டா?" என்றார். அன்று கடைசி நிகழ்ச்சியாக அவரை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பதாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் அந்தக் கம்பெனிக்கு டீலர். ஒவ்வொரு வருடமும் அடுத்தவனுக்குக் கைதட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்து இரண்டு நாள் பேச மாட்டார். அது எனக்கு ஞாபகம் வந்தது. "பிரியாணி சாப்ட்டிருப்பீங்க, கேஸா இருக்கும். இத்தன வருஷம் கழிச்சு கூப்பிடறாங்க, ரெண்டு மணி நேரம் பேசாம உக்காருங்க" என்றேன். அவர் சரி என்றார். நான் வகுப்புக்குத் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன்.

பையை மாட்டிக்கொண்டு நின்றுவிட்டுக் கழற்றினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. போனில் தெரியவில்லை.

கம்பெனிக்காரர்கள் அனுப்பிய படம் வந்த அன்று அதை எத்தனை முறை போட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. மூன்றரைக்கு அவர் சிரித்துக் கைதட்டினார் என்றால், என்னிடம் பேசிய பிறகு அவருக்குச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நான் சொன்னது தப்பில்லை என்று அர்த்தம். நம்பிவிடத்தான் பார்த்தேன். உடைந்த கண்ணாடி மேஜைமேல் இருந்தது, நம்ப விடவில்லை. உங்களை விரட்டி விரட்டிக் கேட்டேனே, அதுகூட நீங்கள் வேறு ஏதாவது சொல்லி என்னைத் தப்பிக்க விடுவீர்களா என்றுதான். நன்றாகத்தான் இருந்தார், மூன்று ஐம்பதுக்குத் திடீரென்று சாய்ந்தார் என்று நீங்கள் எழுதியிருந்தால் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டேன்.

இது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவருடைய போனைக் கையில் கொடுத்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த இரண்டாவது அழைப்பை அதிலிருந்து அழித்ததுதான். என் போனிலும் அழித்தேன். என் மகள் ஜோசலின் பெங்களூரிலிருந்து தினமும் கூப்பிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறாள். அத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் அப்பாவை ஒருத்தரும் பார்க்கவில்லையே அம்மா என்று அழுகிறாள். ஒரு மாதமாக நானும் அவளோடு சேர்ந்து ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு முன்னால் தேவையானது ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டரையிலிருந்து கொடுங்கள். எதையும் பெரிதாக்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம். சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உங்களை உள்ளே கூப்பிட இப்போது என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஜோசலின் வருகிறாள். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டுவிடுவேன். அப்பா யார்கிட்டம்மா பேசறாரு என்று அவள் கேட்பாள்.

தபீதாள்